மாட்டு வியாபாரியைத் தேடி: ஸ்காட்லாந்தில் ஐந்து நாள்

முதல் நாள்: கிளாஸ்கோவிலிருந்து அபர்ஃபாயில்

அக்கா மகன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான். ரொம்ப நாளாக "வாங்க சித்தி, வாங்க சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன், நான் நிஜமாகவே டிக்கெட் போட்டுவிட்டேன் என்றதும் கொஞ்சம் மிரண்டுபோனான். இருந்தாலும் ஐந்து நாள் லீவு போட்டு, எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி என்று ஒரு பட்டியலும் தயாராக வைத்திருந்தான். அதெல்லாம் அப்புறம், முதலில் எனக்கு ராப் ராய் ஊரைக் காட்டு என்றேன். "யாரு சித்தி அது?" என்கிறான். எட்டு வருஷமாக இங்கே இருக்கிறான்!

ராப் ராய் மெக்கிரெகர். 1671-ல் பிறந்து 1734-ல் இறந்தவர். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவர் என்று பேர் வாங்கியவர், அரசாங்கம் தேடிய ஆள், பிடித்தவர்கள் கையிலிருந்தெல்லாம் நழுவியவர், கடைசியில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தே உயிரை விட்டவர். இதெல்லாம் யாருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நான் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள், அதில் பாதி கடன் வசூல் பிரிவில். இந்த மனிதரின் வீரக்கதை முழுக்க ஆயிரம் பவுண்டு வாராக் கடன் ஒன்றில் ஆரம்பிக்கிறது என்று எங்கேயோ படித்த நாளிலிருந்து, அந்தக் கணக்கை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு.

காலையில் கிளம்பும்முன் அவன் சமையலறைக் குழாயில் நேராகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். இது எந்தத் தண்ணீர் தெரியுமா என்று கேட்டேன், தெரியவில்லை. கேட்ரின் ஏரித் தண்ணீர். 1859-ல் விக்டோரியா ராணி வந்து மதகைத் திறந்துவைத்தார். அன்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல பம்பு எதுவும் இல்லாமல் சரிவிலேயே ஓடி வந்து கிளாஸ்கோவுக்கு விழுகிறது. அந்த ஏரியின் தலைமாட்டில்தான் ராப் ராய் பிறந்தார். "அப்போ எட்டு வருஷமா அவர் ஊர்த் தண்ணியத்தான் குடிக்கிறேனா" என்றான். அதற்கப்புறம் அவனுக்கும் கொஞ்சம் ஆர்வம் வந்த மாதிரி இருந்தது.

முதலில் ஸ்டெர்லிங் ஊர். அங்கே ராப் ராய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. செய்தவர் பென்னோ ஷாட்ஸ், எஸ்தோனியாவில் பிறந்து கிளாஸ்கோவுக்கு வந்து குடியேறிய சிற்பி. சிலையின் கையை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். காரணம் இருக்கிறது. ராப் ராய்க்குக் கை ரொம்ப நீளமாம், முட்டிக்குக் கீழே காலுறையைக் கட்டும் நாடாவைக் குனியாமலே கட்டுவாராம், அதனால்தான் வாள் சண்டையில் அவரை யாராலும் நெருங்க முடியவில்லை என்று கதை. ஆஜானுபாகு என்று நாம் சொல்வது இதைத்தானே. எந்த ஊராக இருந்தாலும் வீரனுக்குக் கை முழங்காலைத் தொட்டே ஆக வேண்டும் போலிருக்கிறது.

ஸ்டெர்லிங்கிலிருந்து அபர்ஃபாயிலுக்கு நேர் வழியை விட்டு கிப்பன் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னேன். ஃபோர்த் ஆற்றை ஃப்ரூ என்ற இடத்தில் கடக்க வேண்டும். இப்போது சின்னப் பாலம், இரண்டு பக்கமும் சமமான வயல், ஆறு பழுப்பாகச் சத்தமில்லாமல் போகிறது. அந்தக் காலத்தில் இங்கே ஆழம் குறைந்த துறைகள் இருந்தன. 1717-ல், அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் ஒருவரான மான்ட்ரோஸ் பிரபு தானே ஆட்களோடு போய் ராப் ராயைப் பிடித்துக் கொண்டுவரும்போது இங்கேதான் ஆற்றைக் கடந்திருக்கிறார். இருட்டும் நேரம். கைதியை ஒரு குதிரை வீரனுக்குப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டியிருக்கிறார்கள். நடு ஆற்றில் பெல்ட் அவிழ்ந்துவிட்டது. ராப் ராய் அறுத்தாரா, முன்னால் இருந்தவனிடம் காதோடு பேசி அவிழ்க்கவைத்தாரா, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். தண்ணீருக்குள் சரிந்தவர் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி மிதக்கவிட, அதை ஆள் என்று நினைத்து எல்லாரும் சுட்டுக்கொண்டும் குத்திக்கொண்டும் இருந்தார்களாம். பாலத்தில் வண்டியை நிறுத்த இடமில்லை. பின்னால் ஒரு டிராக்டர் வந்துவிட்டதால் அரை நிமிஷம்தான் பார்த்தேன்.

அபர்ஃபாயில் சின்ன ஊர். தெருவோரம் ஒரு மரத்தில் ஏர்க்கொழு தொங்குகிறது, துருப்பிடித்து, சங்கிலியில். வால்டர் ஸ்காட் 1817-ல் எழுதி வெளியிட்ட ராப் ராய் நாவலில் ஒரு காட்சி வரும். கிளாஸ்கோ வியாபாரி ஒருவர் இந்த ஊர்ச் சத்திரத்தில் சண்டையில் மாட்டிக்கொள்கிறார், வாள் உறையிலிருந்து வர மறுக்கிறது, அடுப்பில் பழுக்கக் காய்ந்துகொண்டிருந்த கொழுவை உருவி எதிராளியின் கம்பளியைப் பொசுக்கிவிடுகிறார். அந்த வியாபாரி ஸ்காட் கற்பனை செய்த ஆள். சண்டையும் நடக்கவில்லை. ஆனால் கொழு மட்டும் இதோ மரத்தில் இருக்கிறது. அக்கா மகன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அசல் இரும்புதான் சித்தி" என்றான்.

இரண்டாம் நாள்: மழை

எங்கேயும் போகவில்லை. விடிந்ததிலிருந்து ஊற்றுகிறது. தங்கியிருக்கும் வீட்டில் காலைச் சாப்பாடாகக் கருப்பாக வட்டமாக ஒன்று தட்டில் வந்தது, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஓரமாக ஒதுக்கிவிட்டு ரொட்டியில் நான் கொண்டுவந்த பருப்புப் பொடியைப் போட்டுச் சாப்பிட்டேன். அவன் மறுபடி தூங்கப் போய்விட்டான். சரி, இன்றைக்குக் கடன் கணக்கை எழுதிவிடலாம்.

ராப் ராய் முதலில் கொள்ளைக்காரர் இல்லை, மாட்டு வியாபாரி. அந்தக் காலத்து மலைநாட்டில் பணம் என்றால் மாடுதான். சின்னதாக, கருப்பாக, சடைமுடியோடு இருக்கும் மாடுகள். மலையில் வாங்கி, ஆறும் கணவாயும் தாண்டி நடத்திக் கொண்டுபோய் கிரீஃப் சந்தையில் விற்பார்கள், அங்கிருந்து அவை இங்கிலாந்து வரை நடக்கும். 1707-ல் இரண்டு நாட்டுப் பாராளுமன்றமும் ஒன்றானபின் தெற்கே கிராக்கி இன்னும் ஏறியது. இந்த வியாபாரத்துக்குக் கை முதல் வேண்டும். பிரபுக்கள் பணம் கொடுப்பார்கள், வியாபாரி அதைக்கொண்டு மாடு வாங்கி விற்று, லாபத்தோடு திருப்ப வேண்டும். அடமானம் பாதி, வாய்வார்த்தை பாதி. ராப் ராய்க்கு அந்த நேரத்தில் நல்ல பேர்.

இன்னொரு வருமானமும் இருந்தது. பண்ணைக்காரர்கள் வருஷத்துக்கு இவ்வளவு என்று இவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் மாட்டை யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் இவர் போய் மீட்டு வருவார். கொடுக்காதவர்கள் மாடு காணாமல் போகும். யார் ஓட்டிப்போனார்கள் என்று கேட்கக் கூடாது. காவல் கூலியும் துப்புக் கூலியும் ஒரே கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வசூலுக்கு அங்கே பிளாக்மெயில் என்று பேர். மெயில் என்றால் பழைய ஸ்காட்லாந்துப் பேச்சில் வாடகை, குத்தகை. தபாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாம் இன்றைக்கு ஆபீஸில் சாதாரணமாகச் சொல்லும் அந்த வார்த்தை இந்த எல்லைப்புற மாட்டுக்காரர்களிடமிருந்து வந்ததுதான்.

1711 வாக்கில் மான்ட்ரோஸ் பிரபுவும் இன்னும் சில பெரிய மனிதர்களும் கொடுத்த பணம் ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு ராப் ராய் கையில் இருந்தது. அதைக் காணவில்லை. அவரிடம் வேலை பார்த்த தலைமை ஆள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்பது எல்லாரும் சொல்லும் கதை. கையிருப்பு போனது, மாடும் இல்லை, கடன் மட்டும் நின்றது. 1712 ஜூனில் எடின்பரோ செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது: ராப் ராய் என்று அழைக்கப்படும் ராபர்ட் கேம்பெல், மாடு வாங்கித் தரச் சொல்லிப் பிரபுக்கள் நம்பிக் கொடுத்த பணத்தோடு ஓடிவிட்டார், கண்ட இடத்தில் பிடிக்கவும். இப்படித்தான் அவர் சட்டத்துக்கு வெளியே போனார். அடுத்த வருஷம் லோமண்ட் ஏரிக்கரையில் கிரெய்க்ராஸ்டன் என்ற இடத்தில் இருந்த அவர் வீடும் நிலமும் ஜப்தி, மனைவி மேரியும் பிள்ளைகளும் வெளியே. ஜப்தியை முன்னின்று நடத்தியவர் மான்ட்ரோஸின் காரியஸ்தர் ஜான் கிரஹாம். இந்தக் காரியஸ்தரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வருவார்.

வேலைக்காரன் ஓடினானா, இவரே கமுக்கமாக எடுத்துவைத்துக்கொண்டாரா? வரலாற்றாசிரியர்களில் சிலர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். முன்பே வியாபாரம் நொடித்துவிட்டது, நிலத்தைச் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றிவைக்கப் பார்த்தார் என்கிறார்கள். எனக்கு இது புதிதே இல்லை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "மேடம், என் பார்ட்னர் ஏமாத்திட்டான்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர். அதில் பாதிப் பேர் சொன்னது நிஜம், பாதிப் பேர் புளுகு, முகத்தைப் பார்த்து எனக்குக் கடைசிவரை கண்டுபிடிக்கத் தெரிந்ததில்லை. ஆனால் நோட்டீஸ் போன நாளிலிருந்து ஆள் மாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன், இரண்டு வகையும். மான்ட்ரோஸ் கொஞ்சம் தவணை கொடுத்துப் பார்த்திருக்கலாம். செய்தித்தாளில் போட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்த மாட்டுக்காரனும் கடனை அடைக்க மாட்டான்.

மத்தியானம் எழுந்து வந்தவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க அவருக்கு லோன் கொடுத்திருப்பீங்களா?" என்று கேட்டான். கொடுத்திருப்பேன் என்றேன். அந்த ஜில்லாவில் அவரைவிட மாடு தெரிந்தவர் யார்? ஆனால் ஆயிரத்தை ஒரே கையில் தூக்கிக் கொடுத்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள்: கேட்ரின் ஏரி

வெயில்! ஏரியை இங்கே லாக் என்கிறார்கள், லாக் கேட்ரின். கிழக்கு முனையில் படகுத்துறை. சர் வால்டர் ஸ்காட் என்ற பழைய நீராவிக் கப்பலுக்கு இங்கே பெரிய மதிப்பு. 1899-ல் டம்பார்ட்டனில் செய்து, பிரித்து, லோமண்ட் ஏரி வழியாகப் படகிலும், பிறகு மலை மேலே குதிரை வண்டியிலும் கொண்டுவந்து, இங்கே மறுபடி பூட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் நேரத்துக்கு வேறு படகுதான் கிடைத்தது. அக்கா மகன் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கரையோரமாகவே வருகிறேன் என்று போய்விட்டான். குடிதண்ணீர் ஏரி என்பதால் அந்தப் பாதையில் வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இருபது கிலோமீட்டருக்கு மேல், மேடும் பள்ளமும், போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனான்.

படகில் போகும்போது மலைகள் இரண்டு பக்கமும் மெதுவாக விலகிக்கொண்டே போகின்றன. இந்த ஏரியின் மேற்குக் கோடியில் கிளெங்கைல். ராப் ராய் அங்கே டொனால்ட் கிளாஸ் மெக்கிரெகருக்கும் மார்கரெட் கேம்பெலுக்கும் பிள்ளையாகப் பிறந்தார். ராய் என்பது குடும்பப் பெயர் இல்லை. கேலிக் மொழியில் ருவா என்றால் சிவப்பு, தலைமுடியின் நிறம். சிவத்த ராபர்ட், அவ்வளவுதான். ஆனால் செய்தித்தாள் விளம்பரத்தில் கேம்பெல் என்று போட்டிருந்ததே, அது ஏன்?

மெக்கிரெகர் என்ற பெயருக்கே தடை இருந்தது. 1603-ல் க்ளென் ஃப்ரூயின் என்ற பள்ளத்தாக்கில் மெக்கிரெகர்களும் கொல்கூன் குலத்தாரும் மோதியதில் கொல்கூன்கள் பக்கம் பெரிய சாவு. அந்த ஏப்ரலில், ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்து மகுடத்தையும் சூடிக்கொள்ள லண்டனுக்குக் கிளம்பும் முன், இனி எவனும் மெக்கிரெகர் என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் மரணம் என்று ஆணை போட்டுவிட்டார்கள். ஆளைத் துரத்தியது, நிலத்தைப் பிடுங்கியது என்றால் புரிகிறது. அப்பன் பெயரை வாயால் சொன்னால் தூக்கு என்பது என்ன நியாயமோ. 1661-ல் தடையை எடுத்தார்கள், 1693-ல் மறுபடி போட்டார்கள். அப்போது ராப் ராய்க்கு இருபத்திரண்டு வயசு, அந்த வருஷம்தான் கல்யாணமும் ஆனது. அம்மா வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு கேம்பெல் ஆனார். தடை ஒரேயடியாகப் போனது 1774-ல், அவர் செத்து நாற்பது வருஷம் கழித்து.

ஸ்ட்ரோனக்லாக்கர் துறையில் இறங்கினால், கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குட்டித் தீவு. நாலு மரம், சுற்றிக் கல் அணைப்பு. கிளாஸ்கோவுக்காக ஏரி மட்டத்தை உயர்த்தியதில் இன்னும் சிறுத்துவிட்டது. காரியஸ்தர் தீவு என்று பெயர். நான் இந்தப் பயணம் வந்ததே இதைப் பார்க்கத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

1716 நவம்பர். காரியஸ்தர் ஜான் கிரஹாம் சேப்பலாரக் என்ற இடத்தில் குடியானவர்களைக் கூப்பிட்டுக் குத்தகைப் பணம் வசூல் செய்துகொண்டிருக்கிறார். ராப் ராய் ஆட்களோடு வந்து பணத்தையும் எடுத்துக்கொண்டு காரியஸ்தரையும் தூக்கிவிட்டார். அவரை உட்காரவைத்து மான்ட்ரோஸ் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதவைத்தார். நிபந்தனை இது: ராப் ராயின் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்ய வேண்டும், வீடுகளைச் சேதப்படுத்தியதற்கு நஷ்ட ஈடாக 3,400 மெர்க் (பழைய ஸ்காட்லாந்துக் காசு) கொடுக்க வேண்டும், இனிமேல் வழக்கு கிழக்கு என்று தொந்தரவு செய்யமாட்டேன் என்று வாக்குத் தர வேண்டும்.

கரையில் பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். வசூலுக்குப் போன அதிகாரியைக் கடன்காரரே பிடித்துவைத்து, அவர் கையாலேயே தலைமை அலுவலகத்துக்குத் தள்ளுபடிக்குச் சிபாரிசு எழுதவைப்பது! எங்கள் பிரிவில் யாருக்கும் இந்த அளவுக்கு நடந்ததில்லை, ஒருவருக்கு நாயை ஏவி விட்டார்கள், அவ்வளவுதான். மான்ட்ரோஸ் மசியவில்லை. சில நாள் இந்தத் தீவில் வைத்திருந்துவிட்டு, காரியஸ்தரை ஒரு கீறல் இல்லாமல் கணக்குப் புத்தகங்களோடு அனுப்பிவிட்டார் ராப் ராய். தன் மனைவியைத் தெருவில் நிறுத்தியவரை! இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு அந்த ஆள்மேல் நிஜமான மரியாதை வருகிறது. ரத்தம் இல்லாத இந்தக் காரியம் எனக்கு அவருடைய எந்த வாள் சண்டையையும்விடப் பெரிதாகப் படுகிறது.

எல்லாரும் சொல்லும் விதவைக் கதையும் இதே காரியஸ்தர் உலகத்தைச் சேர்ந்ததுதான். குத்தகை கட்ட முடியாத கிழவி, நாளைக்கு ஜப்தி. ராப் ராய் பணத்தைக் கொடுத்து, "கட்டிவிட்டு மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்" என்கிறார். அதிகாரி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மரத்தடியில் ராப் ராய் காத்திருக்கிறார். பணம் திரும்ப வந்துவிட்டது, கிழவி கடனும் அடைந்துவிட்டது. எந்த வருஷம், எந்த ஊர் என்பதெல்லாம் கதையில் கிடையாது, வேறு நாட்டுக் கொள்ளைக்காரர்களுக்கும் இதே சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ரசீதை யோசித்துப் பாருங்கள். கடன் பட்டு, செய்தித்தாளில் பேர் நாறி, வீடு போன ஒருத்தரைப் பற்றிய கதையில்தான் அந்த ரசீது இவ்வளவு கச்சிதமாக உட்காரும்.

அக்கா மகன் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான், முகம் தக்காளி. கிளெங்கைல் வீட்டைத் தாண்டித்தான் வந்தானாம். "வெள்ளையா ஒரு வீடு சித்தி, யாரோ இருக்காங்க போல, நிக்கல." அவ்வளவுதான் அவன் வர்ணனை. திரும்பும்போது சைக்கிளும் படகில்தான் வந்தது.

நான்காம் நாள்: இன்வர்ஸ்னெய்ட்

ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினவருக்கு மற்றவர் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இருபது தடவையாவது கையைத் தூக்கினோம். வழி முடியும் இடத்தில் லோமண்ட் ஏரியும் ஒரு அருவியும்.

இங்கிருந்து வடக்கே ஏரியோரமாக ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் ராப் ராய் குகை. நடை முதல் பாதி சுகம். அப்புறம் மலையிலிருந்து சரிந்த பாறைகள், வீடு வீடாக, ஒன்றின்மேல் ஒன்று, பாசி பிடித்து. குகை என்று வெள்ளை பெயிண்டில் பாறையில் எழுதியிருக்கிறார்கள், ஏரியில் படகில் போகிறவர்களுக்குத் தெரிவதற்காக. நான் கால் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, எழுத்துக்குப் பத்தடி தள்ளியே உட்கார்ந்துவிட்டேன். அவன் மட்டும் இடுக்கில் இறங்கிப்போய் இரண்டு நிமிஷத்தில் வந்தான். "உள்ள ஒண்ணும் இல்ல சித்தி. நிமிர்ந்து நிக்கவே முடியாது. ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடக்கு."

இந்தக் குகைக்கு ராப் ராய்க்கு முன்பே ஒரு சொந்தக்காரர் உண்டு. நானூறு வருஷத்துக்கு முந்திய ராபர்ட் புரூஸ் மன்னரும் தோற்று ஓடியபோது இதில்தான் ஒளிந்தார், காட்டாடுகள் வாசலில் படுத்து மறைத்தன, அதனால் ஆடுகளுக்கு அபயம் கொடுத்தார் என்கிறார்கள். ஆடுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்று பாறைமேல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, கிடாய், நல்ல நாற்றம்.

மேலே சாலையோரம் ஒரு பண்ணைக்குள் பழைய படைவீட்டின் இடிபாடு. ராப் ராயை அடக்குவதற்கென்றே அவரிடமிருந்து பிடுங்கின பூமியிலேயே 1718 வாக்கில் அரசாங்கம் கட்டியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் இறங்கிக் கொத்தனார்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தள்ளி நின்றே பார்த்தோம். முட்டி எரிந்தது.

ஐந்தாம் நாள்: பால்க்விடர்

இரண்டு பக்கமும் மலை இறங்கி வரும் நீளமான பள்ளத்தாக்கு, நடுவில் வோயில் ஏரி, மேட்டில் ஒரு தேவாலயம். இப்போதுள்ள கட்டடம் 1850-களில் கட்டியது. அதன் முன்னால் கூரை இல்லாத பழைய கோயில் சுவர், அதை ஒட்டி இரும்புக் கம்பி அடைப்புக்குள் மூன்று கல் படுக்கையாக. ராப் ராய், மனைவி மேரி, இரண்டு பிள்ளைகள்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. ராப் ராயின் கல்மேல் குனிந்து பார்த்தேன். ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், நடுவில் தேய்ந்துபோன வாளும் ஒரு மனித உருவும், வாள் செதுக்கிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று அதில் ஒரு இலை. யாரோ வைத்துவிட்டுப் போன காசுகள், ஒன்று பச்சையாகக் களிம்பேறியிருந்தது. கல்லில் அவர் பெயர் எங்கேயும் இல்லை, அது அவருக்கும் பல நூறு வருஷம் மூத்த கல். யாருக்காகவோ செதுக்கியதை எடுத்து இவருக்கு வைத்திருக்கிறார்கள். அவர் செத்த 1734 டிசம்பரில் மெக்கிரெகர் என்று கல்லில் வெட்டுவதே குற்றம். இப்போது தலைமாட்டில் புதுக் கல் ஒன்று நிற்கிறது. அதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால், மெக்கிரெகர்தான், அவர்கள் என்ன செய்தாலும்.

அடைப்புக்கு வெளியே நின்று அவனிடம் அந்த இன்னொரு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1715-ல் ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகக் கலகம் எழுந்தபோது ராப் ராய் கலகக்காரர்கள் பக்கம். ஆனால் ஷெரிஃப்மியூர் போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே ஆட்களோடு நின்றுகொண்டு இறங்காமல் இருந்துவிட்டார். நான் இல்லாமல் முடியாது என்றால் நான் இருந்தும் முடியாது என்று பதில் சொன்னதாகக் கதை. பத்து வருஷம் கழித்து 1725-ல் அரசாங்கப் படையின் ஜெனரல் வேடிடம் சரணடைந்து மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில் என்ன சொல்கிறார் என்றால், மான்ட்ரோஸ் பிரபு கடனுக்காக என்னைச் சிறையில் போடப் பார்த்தார், அதற்குப் பயந்துதான் கலகக்காரர்களோடு சேர்ந்தேன், சேர்ந்தாலும் ஆர்கைல் பிரபுவுக்கு அவர்களுடைய பலத்தையும் இருப்பிடத்தையும் பற்றி அவ்வப்போது தகவல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன் என்கிறார்.

"அப்போ இன்ஃபார்மரா?"

ஆமாம். ஆர்கைல் எதிர்த்தரப்புத் தளபதி, மான்ட்ரோஸுக்கும் ஆகாதவர், இவருக்கு ஒளிய இடம் கொடுத்தவர். கொள்ளைக்காரனுக்குத் தீனி போடுகிறீர்களா என்று மான்ட்ரோஸ் கேட்டதற்கு, நான் விறகும் தண்ணீரும்தான் கொடுக்கிறேன், மாட்டுக்கறியும் மாவும் உங்களிடமிருந்துதானே போகிறது என்றாராம் ஆர்கைல். அந்த விறகுக்கும் தண்ணீருக்கும் கூலி அந்தத் தகவல்கள். மன்னிப்பு கிடைக்க வேண்டும் என்று கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கலாம். கடன்காரர் எழுதும் கடிதத்தில் எல்லாம் கொஞ்சம் கூட்டித்தான் இருக்கும், நான் மூட்டை மூட்டையாகப் படித்திருக்கிறேன். ஆனாலும் 1715-லும் 1725-லும் அந்த ஆயிரம் பவுண்டு இவர் கழுத்தை விடவில்லை பாருங்கள். மன்னர் யார் என்ற சண்டையில்கூட எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கடன்தான் முடிவு செய்திருக்கிறது.

மன்னிப்பு கிடைத்தது. கடைசி வருஷங்களை இந்தப் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் இன்வர்லாக்லாரிக் என்ற இடத்தில் கழித்தார். தேவாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் இருக்கும், ஏரியோரமாகவே போய்ச் சாலை அங்கேயே முடிகிறது. படுத்த படுக்கையாக இருந்தபோது, வேண்டாத குடும்பத்து ஆள் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார், மெக்லாரன் குலத்தவர் என்கிறார்கள். எதிரிக்கு முன்னால் படுத்துக்கிடக்க மாட்டேன் என்று எழுந்து, கம்பளி உடுத்தி, வாளும் கைத்துப்பாக்கியும் கட்டி உட்காரவைக்கச் சொன்னாராம். வந்தவர் போனதும், எல்லாம் முடிந்தது, இனி நாங்கள் திரும்பமாட்டோம் என்ற பாட்டை வாசி என்று பைப் ஊதுகிறவருக்குச் சொன்னாராம். அது முடிவதற்குள் போய்விட்டார். நம்பலாமா என்று கேட்டால், எனக்கு முதல் பாதி நம்பும்படியாகத்தான் இருக்கிறது. இரண்டே வருஷத்தில் அவருடைய கடைசிப் பிள்ளை ராபின், உழுதுகொண்டிருந்த ஒரு மெக்லாரனைச் சுட்டுக் கொன்றான். அப்புறம் 1754-ல் வேறொரு குற்றத்துக்காக, ஒரு பெண்ணைக் கடத்திப்போய்க் கல்யாணம் செய்ததற்காக, எடின்பரோவில் தூக்கில் தொங்கினான். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாம் பாட்டோடு முடிந்துவிடவில்லை.

இன்வர்லாக்லாரிக்கில் அவர் காலத்து வீடு இல்லை. பண்ணை, கார் நிறுத்தும் இடம், மலையேறுகிறவர்களின் சேறு படிந்த பூட்ஸ். பத்து நிமிஷம் நின்றோம், மறுபடி தூறல். திரும்பும் வழியில் ஒரு வளைவில் மாடுகள், சாலை முழுக்க. முடி கண்ணை மறைக்க, அவசரமே இல்லாமல். ஒன்றிரண்டு கருப்பு, மற்றதெல்லாம் செம்பட்டை. அவன் இன்ஜினை அணைத்துவிட்டான். நான் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்து இருபத்திரண்டு வரை வந்தேன், அதற்குள் ஒன்று கார்க் கண்ணாடியில் மூக்கை வைத்து மூச்சு விட்டதில் வெளியே எதுவும் தெரியவில்லை. மாடுகளுக்குப் பின்னால் வந்தவர் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தார்.

நாளைக்குக் கிளாஸ்கோ. ஈரத்துணி ஒரு பை நிறைய இருக்கிறது.